வெற்றிடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்

"அந்த யூனிக்கை எடுங்க சார்."

திங்கட்கிழமை காலைக் கூட்டம். எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி சொல்லி முடித்து, நாற்காலிகள் கிறீச்சிட்டு அடங்குவதற்குள் சுள்ளி இதைச் சொல்லிவிட்டாள். தேநீர்த் தட்டோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கணக்குப் பிரிவுக்காரர் வந்த தும்மலை விழுங்கினார்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் பிரிவுத் தலைவர். "இங்க பாரும்மா, நாற்காலி வேணுமா, கேளு. ஃபேன் வேணுமா, கேளு. கிடைக்காது, ஆனா கேக்கலாம். யூனிக்கை எடுங்கன்னு மட்டும் கேட்டுடாதே. போன வருஷம் ஒருத்தர் கேட்டார்."

"அவர் இப்ப எங்க சார்?"

"பார்க்கலாம்."

பிரிவுத் தலைவர் எந்தக் கேள்விக்கும் கடைசியில் இதைத்தான் சொல்வார். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. அவரிடமே யாராவது வந்து "பார்க்கலாம் சார் இருக்காரா?" என்று கேட்டால், "பார்க்கலாம்" என்பார்.

சுள்ளி என்பது அவளுடைய அம்மா வைத்த பெயர். ஆள் ஒல்லி, காய்ந்த குச்சி மாதிரி. ஒரு பொறி போதும், பற்றிக்கொள்வாள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கணினியில் வாங்கிய பட்டம், கண்ணாடிச் சட்டத்துக்குள் அம்மாவின் தேய்ப்பு மேசைக்கு நேர் மேலே தொங்குகிறது. அம்மா சலவைக் கடைகளுக்குத் துணி தேய்த்துக் கொடுப்பவள். ஆவியில் கண்ணாடி மங்கும்போதெல்லாம், ஊரார் சட்டை ஒன்றை எடுத்துத் துடைத்துவிட்டு, அந்தச் சட்டையை மறுபடி தேய்ப்பாள்.

இனி, பதிவகம். ஊரில் உயிரோடிருக்கிற எல்லோரும் அங்கே பதிந்திருக்க வேண்டும். பதிவு எண் இருந்தால்தான் பள்ளியில் பெஞ்சு, ஆஸ்பத்திரியில் கட்டில், சுடுகாட்டில் இடம். பதிவகத்தின் கணினியில் ஆளுக்கு ஒரு வரி. அந்த வரியில் பெயருக்கு ஒரு கட்டம், பிறந்த தேதிக்கு ஒரு கட்டம், கைபேசி எண்ணுக்கு ஒரு கட்டம். ஒரே ஆள் இரண்டு முறை பதிந்து இரண்டு பங்கு வாங்கிவிடக் கூடாதே என்று, ஆரம்பத்தில் யாரோ ஒரு நல்ல மனிதர் கைபேசிக் கட்டத்துக்கு ஒரு பூட்டுப் போட்டார். ஒருவரிடம் இருக்கும் எண் இன்னொருவரிடம் இருக்கக் கூடாது. இருந்தால் கணினி ஏற்காது. அதற்குத்தான் யூனிக் கீ என்று பெயர்; அலுவலகத்தில் சுருக்கமாக யூனிக். நல்ல பூட்டுதான். வீட்டுக்குப் பூட்டுப் போடுவதில் தப்பில்லை. வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறாரா, வெளியே நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான்.

பூட்டு நல்ல பெயர் வாங்கியதும் பதிவகத்துக்கு அதன்மேல் பித்துப் பிடித்தது. கண்ட கட்டத்துக்கெல்லாம் போட்டார்கள். விடுப்புப் பட்டியலில் தேதிக்குப் பூட்டு. ஆகவே ஒரு நாளில் ஒருவர்தான் விடுப்பு எடுக்கலாம். கணக்குப் பிரிவுக்காரரின் மாமனார் செத்த அன்றைக்கே ஓட்டுநரின் மனைவிக்கு வலி கண்டது. மாமனார் முந்திக்கொண்டார். பிள்ளை பிறந்த சேதியை ஓட்டுநர், இயக்குநரின் வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டார்.

புகார்ப் பட்டியலில் புகாரின் தலைப்புக்கே பூட்டு. "தண்ணீர் வரவில்லை" என்று ஒரு தெருக்காரர் எழுதிவிட்டால், ஊரில் வேறு யாருக்கும் தண்ணீர் வரவில்லை என்று எழுத முடியாது. "இந்தப் புகார் ஏற்கெனவே உள்ளது" என்று சிவப்பில் வரும். அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வந்துவிட்டாலும் வரி அங்கேயேதான் இருக்கும். இப்படியாக ஊர்க் குறைகள் அத்தனையும் ஒரே பக்கத்தில் அடங்கின. குறைவான குறைகளுள்ள ஊர் என்று பதிவகத்துக்கு ஒரு கேடயம் வந்தது.

கணினியோடு விட்டார்களா? ஒரே நிறச் சட்டையில் இருவர் வேலைக்கு வந்தால் பின்னால் வந்தவர் உள்ளே போகக் கூடாது. வீட்டுக்கும் போக முடியாது, ஏனென்றால் அன்றைய விடுப்பை வேறொருவர் எடுத்திருப்பார். ஆகவே அவர் மாலை வரை மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். சுள்ளி தினமும் படியேறும்போது அங்கே யாராவது ஒரு நீலச் சட்டை இருக்கும். ஒருவர் மட்டும் எந்த நிறத்தில் வந்தாலும் அங்கேயேதான் இருந்தார்.

தினமும் காலையில் எல்லோரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்லும் உறுதிமொழி இது: "ஒருவருக்கு ஒன்று. ஒன்றுக்கு ஒருவர். இரட்டை எமக்கில்லை." இதைச் சொல்லி முடித்த வாயோடுதான் அன்றைக்குச் சுள்ளி கேட்டாள்.

கேட்டதற்குக் காரணம் சனிக்கிழமை நடந்தது.

அம்மா ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைக் கருக்கிவிட்டாள். அதற்கு முந்தின வாரம் தன் விரலையே கருக்கியிருந்தாள், சொல்லவில்லை. கண்ணைப் பார்த்த டாக்டர், உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு காய்ந்துகொண்டிருக்கிறது என்றார். போன பார்வை போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் உடனே அறுக்க வேண்டும். அறுக்கத் தெரிந்தவர் வெளியூர்க்காரர், வெள்ளிக்கிழமை வரைதான் இங்கே இருப்பார். பதிவு எண் இல்லாமல் கட்டில் கிடையாது. அம்மா இத்தனை காலம் பதிந்துகொள்ளவில்லை. "எனக்கெதுக்கு அதெல்லாம், நான் இருக்கேன்னு எனக்குத் தெரியாதா?" என்று இருந்துவிட்டாள்.

சுள்ளி அவளைக் கையோடு பதிவகத்துக்குக் கூட்டிவந்தாள். கவுண்டரில் கண்ணாடி அக்கா. தடித்த கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் தூங்கி எழுந்த மாதிரி கண்கள். மனசு மட்டும் விழித்தே இருக்கும்.

"போன் நம்பர் சொல்லுங்கம்மா."

"எங்கிட்ட ஏதும்மா போன்? வீட்டுக்கே ஒண்ணுதான். இவ இடுப்புல இருக்கு."

அக்கா அந்த எண்ணையே தட்டினாள். திரை சிவந்தது: இந்த எண்ணில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

"யாருடி அது?"

"நான்தாம்மா."

"நீ இருந்தா நான் இருக்கக் கூடாதா? நான் இருந்ததாலதானேடி நீ இருக்கே!"

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சுள்ளி சிரிக்கவில்லை. கவுண்டர் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "காலியா விட்டுடுங்கக்கா. போன் இல்லன்னா இல்லன்னுதானே போடணும்?"

அக்கா தயங்கினாள். என்ன வரும் என்று தெரிந்தே தட்டினாள். திரை மறுபடி சிவந்தது: வெற்றிடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "வெற்றிடத்துல ஒருத்தர் இருந்தா அப்புறம் எப்படிடி அது வெற்றிடம்?"

விஷயம் இதுதான். அந்தக் கணினிக்கு எண் இல்லை என்பதும் ஓர் எண்தான். அதனால் ஊரில் கைபேசி இல்லாதவர் ஒரே ஒருவர்தான் இருக்கலாம். இரண்டாவது ஆளுக்கும் கைபேசி இல்லையென்றால் அவர் இரட்டை. இரட்டை எமக்கில்லை.

"புதுசா சிம் ஒண்ணு வாங்கிட்டா?" என்றாள் சுள்ளி.

"சிம் கடையில பதிவு எண் கேப்பாங்க. பதிவு எண்ணுக்கு நாங்க சிம் கேப்போம்."

"என் பேர்ல இன்னொண்ணு?"

"ஒருத்தருக்கு ஒரு சிம்தான். அந்தக் கடைக்காரங்களும் நம்ம பூட்டைத்தான் பாத்துப் போட்டிருக்காங்க." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அதோ அந்த பெஞ்சு பாரு."

கூடத்தின் ஓரத்தில் ஒரு நீளப் பெஞ்சு. கைபேசி இல்லாதவர்கள் அதில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வெற்றிடம் காலியாகும் என்ற நம்பிக்கை. முனையிலிருந்த கிழவர் கையை உயர்த்தி, "காலியாச்சாம்மா?" என்று கேட்டார். அக்கா இல்லையென்று தலையை ஆட்டினாள். அவர் வழக்கம்போல, "சரி, நாளைக்கு வரேன்" என்று எழுந்து போனார்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து சுள்ளி கணினியைத் திறந்தாள். அந்த மகாராசன் யார் என்று பார்த்துவிட வேண்டும். போய்க் காலைப் பிடிப்பாள், அல்லது காலை உடைப்பாள்; எது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

பெயர்: சோதனை சோதனை. தகப்பன் பெயர்: சோதனை. முகவரி: அஆஇஈ. பிறந்த தேதி, போன நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டின் முதல் நாள். பதிவகத்தின் திறப்பு விழாவில், வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக இயக்குநர் தன் விரலாலேயே தட்டிய வரி. அதை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்த விரலின் படம் பெரிதாக்கப்பட்டு கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது.

வரிக்குக் கீழே வரலாறு ஓடியது. சோதனை தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். தேர்தலில் வாக்களித்திருந்தார். முதியோர் சலுகையில் கம்பளி பெற்றிருந்தார். வயது அவ்வளவு ஆகியிருந்ததால், வெளியூர் டாக்டரின் கண் அறுவைப் பட்டியலில், வெள்ளிக்கிழமை, முதல் இடம்.

இதைப் படித்துவிட்டுத்தான் அவள் கூட்டத்துக்கு வந்தாள்.

"எடுங்கன்னா முழுசா எடுக்கச் சொல்லல சார்," என்றாள் இப்போது. நின்ற இடத்தில் நிற்க முடியாமல் ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றாள். "நம்பர் இருக்கறவங்களுக்குப் பூட்டு இருக்கட்டும். காலியா இருந்தா மட்டும் விட்டுடணும். புரோகிராம்ல ஒரே ஒரு வரி மாத்தணும். நானே எழுதித் தரேன்."

"குரலைக் குறைம்மா," என்றார் பார்க்கலாம்.

"அங்க உக்காந்திருக்கறது ஆளே இல்ல சார்!"

"முதல் குடிமகன்மா அவரு. மரியாதையாப் பேசு."

"போன் நம்பர்ங்கறது போனோட அடையாளம் சார், ஆளோட அடையாளம் இல்ல. எங்கம்மாவுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள எண் வேணும்."

"பார்க்கலாம்."

"எப்ப சார் பார்க்கலாம்? எங்கம்மாவுக்குக் கண்ணு இருக்கும்போதா, போன பிறகா?"

பார்க்கலாம் இயக்குநர் அறையைக் கைகாட்டினார்.

அதற்குமுன் அவள் முறைப்படி ஒரு புகார் எழுதிப் பார்த்தாள். "கைபேசி இல்லாதவர்களைப் பதிய முடியவில்லை." ஏற்கெனவே உள்ளது என்றது திரை. எழுதியவர் யார் என்று பார்த்தாள். போன வருஷம் கேட்டவர். புகாரின் நிலை: பரிசீலனையில். எழுதியவரின் நிலை: இடமாற்றம், சேர வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருப்பதால் காத்திருப்பு. காத்திருக்கும் இடம்: மாடிப்படி.

அவள் எழுந்து போய் படிக்கட்டைப் பார்த்தாள். எல்லா நிறத்திலும் அங்கேயே இருப்பவர் அன்றைக்குப் பழுப்புச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் நகர்ந்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டார்.

"வேணாம் சார், நான் உக்கார வரல," என்றாள் சுள்ளி.

இயக்குநர் அறையில் எல்லாம் ஒவ்வொன்றாக இருந்தன. ஒரு பேனா, ஒரு கோப்பை, ஒரு நாற்காலி. வருகிறவர் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். இயக்குநர் மெதுவாகப் பேசுகிறவர். தன் பேச்சைத் தானே கேட்டு ரசிப்பதற்கு அவகாசம் விட்டுப் பேசுவார்.

"பொண்ணே, நீ நல்லாப் படிச்சவ. முதல் பட்டதாரி இல்லையா? நான் ஆறாவது பட்டதாரி. எங்க குடும்பத்துல இதுக்கெல்லாம் அவசரப்பட மாட்டோம். உங்கம்மா இருக்காங்கன்னு நீ சொல்றே. நான் நம்பறேன். ஆனா பதிவேடு நம்பணுமில்ல?"

"நேர்ல கூட்டிட்டு வந்தேனே சார்."

"நேர்ல யார் வேணாலும் வரலாம்." அவர் கோப்பையைச் சாசரின் நடுவில் சரியாக வைத்தார். "சிலர் கேக்கறாங்க, இந்தப் பதிவேட்டால ஜனங்களுக்கு என்ன பிரயோசனம்னு. ஜனங்களால பதிவேட்டுக்கு என்ன பிரயோசனம்னு யாராவது கேட்டாங்களா? வர தப்பெல்லாம் ஜனங்க வழியாத்தான் வருது. ஞாயித்துக்கிழமைகள்ல பாரு, கவுண்டர் மூடியிருக்கும், ஒரு தப்பு கிடையாது. என்னைக் கேட்டா, ஜனங்களே இல்லாம இந்தப் பதிவேட்டை நடத்திக் காட்டியிருப்பேன். மேலிடத்துல ஒத்துக்கல."

"அந்தச் சோதனை வரியை அழிச்சிடலாமே சார்? ஒரு இடமாவது காலியாகும்."

இயக்குநரின் முகம், பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசிவிட்டது போல ஆனது. "அவரை அழிக்கறதா? ஒரு குடிமகனை அவர் சம்மதம் இல்லாம அழிக்க நமக்கு என்ன உரிமை இருக்கு?" கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்யலாம். அவர் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கொடுக்கட்டும். உடனே உங்கம்மாவுக்குக் கொடுத்திடறேன். நான் ஈவு இரக்கம் இல்லாதவன் இல்ல."

சோதனைக்குக் கடிதம் போயிற்று. அஆஇஈ என்ற முகவரிக்கு. தபால்காரர் ஒரு நாள் முழுக்கத் தேடிவிட்டு, அப்படி ஒரு இடமே இல்லை என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். கடிதத்தைப் பெற மறுத்ததால் சோதனை ஆட்சேபிக்கிறார் என்று கோப்பில் குறித்தார்கள். எவ்வளவு கண்ணியமாக மறுத்திருக்கிறார் பாருங்கள், ஒரு கடுஞ்சொல் கிடையாது என்று இயக்குநர் அதிலேயே இன்னொரு குறிப்பு எழுதினார்.

சுள்ளி மறுநாளுக்கு விடுப்புக் கேட்டாள், மேலிடத்துக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று. மறுநாளை யாரோ எடுத்திருந்தார்கள். யாரென்று பார்த்தாள். சோதனை. அவர் பெயரில் ஊழியர் வரியும் ஒன்று இருந்தது. சேர்ந்ததிலிருந்து ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை.

வியாழக்கிழமை மதியம் பார்க்கலாம் அவள் மேசைக்கு வந்தார். நாளைக்குப் பதிவகத்தின் ஒருமை விழா. இந்த வருஷத்தின் தலைசிறந்த குடிமகன் விருது சோதனைக்கு. அவர் வர இயலாத நிலையில், அவர் சார்பாக மேடையேறிக் கேடயம் வாங்கி நன்றி சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

"நீ நல்லா உரக்கப் பேசறேம்மா. இயக்குநர்தான் உன் பேரைச் சொன்னார். வாங்கிட்டேன்னா, அடுத்த மாசம் வேலை நிரந்தரம். அம்மா விஷயம்..." அவர் கூரையைப் பார்த்தார்.

"பார்க்கலாம்," என்று சுள்ளியே முடித்து வைத்தாள்.

அவர் போன பிறகு வெகுநேரம் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கீழே கவுண்டருக்குப் போனாள். கண்ணாடி அக்காவோடு தலையோடு தலை வைத்துப் பேசினாள். அக்கா முதலில் முடியாது என்றாள், பிறகு திட்டினாள், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

சாயங்காலம் வீட்டில் அம்மா தேய்த்துக்கொண்டிருந்தாள். கண்ணால் அல்ல, விரலால். இடது கை முன்னே போய் மடிப்பைத் தடவிப் பார்த்துச் சொல்லும், வலது கை இஸ்திரிப் பெட்டியோடு பின்னால் வரும்.

"நாளைக்கு ஆபரேஷன். எண் கிடைச்சிடுச்சு," என்றாள் சுள்ளி.

"பாத்தியா! நீ சும்மா எரிஞ்சு விழுந்துட்டிருந்தே. கேட்டா கொடுக்காமயா போயிடுவாங்க? படிச்சவங்க நாலு பேர் இருக்கற இடம்."

"ஆமாம்மா. கண்ணு சரியானதும் முதல்ல என்ன பாப்பே?"

அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மேலே தொங்கிய சட்டத்தை நோக்கி, சற்றே தவறான பக்கம், முகவாயைத் தூக்கினாள். "அதுல உன் பேரு எங்க இருக்குன்னு காட்டு. படிக்கத் தெரியாது. ஆனா இதுதான் உன் பேருன்னு காட்டினா, அந்தக் கோடுகளை மனசுல வெச்சுக்குவேன்."

சுள்ளி எழுந்து, தேய்த்த சட்டை ஒன்றை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். "அது எங்கயும் போகாது," என்றாள். பிறகு இடுப்பிலிருந்த கைபேசியை எடுத்து அம்மாவின் கையில் வைத்து, பச்சைப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று விரலைப் பிடித்துக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை. விழா என்பதால் வாசல் தடுப்பு காலையிலிருந்தே திறந்து கிடந்தது. அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத்தான் வந்தாள். "மத்தியானம்தான் கூப்பிடுவாங்களாம். நீ போய் வேலையைப் பாரு, முதலாளிங்க கோவிச்சுக்குவாங்க," என்று அம்மாவே துரத்திவிட்டாள். மேடைக்குக் கீழே காத்திருந்தபோது சுள்ளியின் கை நிமிஷத்துக்கு ஒரு தரம் இடுப்புக்குப் போய் வெறுமையாகத் திரும்பியது.

மேடையில் பெரிய திரை, அதில் பதிவேடு. விருதாளருக்கு ஒரு நாற்காலி, காலியாக. புகைப்படக்காரர் அந்த நாற்காலியைப் பல கோணங்களில் எடுத்தார். கொஞ்சம் இடது பக்கம் திரும்பச் சொல்லாததுதான் பாக்கி.

இயக்குநர் பேசினார். "பெரியோர்களே! நம் விருதாளர் இத்தனை ஆண்டுகளில் முகவரி மாறியதில்லை. மணம் செய்து வரியைக் குழப்பியதில்லை. பிள்ளை பெற்று வரியைப் பெருக்கியதில்லை. ஒரு புகார் தந்ததில்லை. ஒரு முறைகூட நம் கவுண்டருக்கு வந்து நம் நேரத்தை வீணாக்கியதில்லை. இறந்து நமக்கு வேலை வைத்ததுமில்லை. ஊரிலுள்ள ஒவ்வொருவரும் இவரைப் போல ஆகும் நாளே நம் பதிவகத்தின் பொன்னாள்!"

கைதட்டல். பின்வரிசையில் கைபேசி இல்லாத பெஞ்சுக்காரர்களும் தட்டினார்கள். கூட்டம் காட்டுவதற்காக அவர்களைப் பெஞ்சோடு தூக்கி வந்து போட்டிருந்தார்கள்.

சுள்ளி மேடையேறிக் கேடயத்தை வாங்கி நாற்காலியில் வைத்தாள். ஒலிவாங்கியைப் பிடித்தாள். எழுதிக் கொடுத்த சீட்டைப் பிரிக்கவே இல்லை.

"சோதனை ஐயா வரல. அவர் எங்கயும் வர மாட்டார். இன்னிக்குக் காலையில கண் ஆஸ்பத்திரியில முதல் பேரா அவரைத்தான் கூப்பிட்டாங்க. நான் அங்கதான் இருந்தேன். நாலு தரம் கூப்பிட்டாங்க. அப்புறம் அந்தக் கட்டிலை அவருக்காகக் காலியாவே வெச்சிருந்தாங்க. பாதிக் கண்ணு போனவங்க பக்கத்துல தரையில உக்காந்திருந்தாங்க. இதோ இந்தப் பெஞ்சுல இருக்கறவங்க எல்லாம் இருக்காங்க. தொட்டுப் பாக்கலாம். இவங்களுக்கு இடம் இல்ல. இல்லாத ஆளுக்குக் கட்டில், கம்பளி, கேடயம். ஒரு வரி மாத்தினா போதும்னு சொன்னேன். ஒரு வரி! அதைச் சொல்லக் கூடாதுன்னு சொல்ல இங்க எத்தனை பேர் சம்பளம் வாங்கறீங்க?"

"நிறுத்து!" இயக்குநர் தன் மெதுவான பேச்சை மறந்தார். "இந்த நிமிஷமே உன்னை வேலையை விட்டு நீக்கறேன். பிரிவுத் தலைவரே, இப்பவே பதிங்க. எல்லாரும் பாக்கட்டும்!"

பார்க்கலாம் மேடைக் கணினியில் அவள் எண்ணைத் தட்டினார். திரையில் எழுத்துகள் ஆள் உயரத்துக்கு எழுந்தன: இப்படி ஒரு ஊழியர் இல்லை. பெயரைத் தட்டினார்: இப்படி ஒருவர் இல்லை. பழக்க தோஷத்தில் யாரோ கைதட்டினார்கள்.

"என்னம்மா பண்ணே?" பார்க்கலாம் ஒலிவாங்கி திறந்திருப்பதை மறந்து கேட்டார்.

"உங்க விதிப்படிதான் சார். நேத்து கவுண்டர் மூடறதுக்கு முன்னாடி விலகல் மனு கொடுத்தேன். இதுவரைக்கும் ஒருத்தரும் கொடுக்காத மனுவாம், அதனால இரட்டைன்னு சொல்லல. என் வரி போச்சு, என் நம்பர் காலியாச்சு. அந்த நம்பர்ல எங்கம்மா ஏறிட்டாங்க. ஒருவருக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒருவர். சரியா சார்?"

"வரி போனா அதுல தொங்கற எல்லாம் போயிடுமேம்மா. வேலை போகும். உன் பட்டம்... உன் பட்டமே பதிவுல இருக்காதே!" இந்த ஒரு முறை அவர் முகத்தில் நிஜமாகவே ஏதோ இருந்தது.

"படிச்சது தலையில இருக்கு சார். அந்தக் கட்டத்துக்கு நீங்க இன்னும் பூட்டுப் போடல."

இயக்குநர் கூட்டத்தைப் பார்த்தார், புகைப்படக்காரரைப் பார்த்தார். இல்லாத ஆளை நீக்கிய விழா என்று நாளைக்குப் பேச்சு வரும். குரலில் தேன் தடவிக்கொண்டார். "பொண்ணே, அவசரப்பட்டுட்டே. இப்பவே உன்னைத் திரும்பப் பதிஞ்சுடலாம். வேலையும் நிரந்தரம் பண்ணிடறேன். நம்பர் இல்லாட்டி என்ன, காலியா விட்டு..."

அவர் நிறுத்தினார். பார்க்கலாம் அதற்குள் தட்டிவிட்டார். திரை முழுக்கச் சிவந்தது.

வெற்றிடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

பெஞ்சின் முனையில் கிழவர் எழுந்து நின்றார். "அப்ப இன்னும் காலியாகலையா?" என்று கேட்டார். அவருக்குப் பக்கத்திலிருந்த பெண் சிரித்தாள். அடுத்தவர் சிரித்தார். சிரிப்பு பெஞ்சோடு ஓடி முன்வரிசை வரை வந்துவிட்டது. கணக்குப் பிரிவுக்காரர் இத்தனை நாள் அடக்கி வைத்த தும்மலைத் தும்மினார்.

"அந்த வரியை எழுதிக் கொடு," என்றார் இயக்குநர், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "குழு போட்டு யோசிக்கிறேன். நீ திரும்பி வா."

"பார்க்கலாம் சார்," என்றாள் சுள்ளி.

அவள் அந்த வரியை முந்தின நாளே எழுதி, இயக்குநரின் மேசையில், அந்த ஒற்றைக் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டு வந்திருந்தாள். அவர் அதன்மேல் தேநீரும் குடித்திருந்தார்.

மேடையிலிருந்து இறங்கினாள். மாடிப்படியில், எல்லா நிறத்திலும் அங்கேயே இருப்பவர் நகர்ந்து இடம் விட்டார், இந்த முறை உட்காருவதற்கு அல்ல, கடந்து போவதற்கு. அவள் இரண்டிரண்டு படியாகத் தாண்டினாள். பின்னால் அவர் எழுந்து கால்களை உதறிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

வாசல் தடுப்பு இப்போது இறங்கியிருந்தது. அட்டையைக் காட்டினாள். இயந்திரம் சிவந்தது.

"ஏதோ கோளாறு தங்கச்சி. நீ உள்ளயே வரலைங்குது," என்றார் காவலாளி. "உள்ள வராத ஆளை நான் எப்படி வெளிய விடறது?"

"அவசரம்ணே. அம்மாவுக்குக் கண்ணுக் கட்டு பிரிக்கறப்ப எதிர்ல ஒரு ஆள் நிக்கணும்."

"அது சரி. போனது யாருன்னு நான் எழுதறது?"

சுள்ளி கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றித் தடுப்புக் கம்பியில் மாட்டினாள்.

"யாரும் போகலன்னு எழுதுங்கண்ணே," என்று சொல்லிவிட்டு, குனிந்து, கம்பிக்கு அடியில் புகுந்து, தெருவில் இறங்கி நடந்தாள்.